பல்லுத் தரகரின் சாட்சிப் பை

தரகர் பல் துலக்கும்போது அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசினால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் சொன்னால் கவனம் சிதறும். கவனம் சிதறினால் ஏதாவது ஒரு பல்லுக்கு அநீதி நேர்ந்துவிடும். ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே நலம் விசாரித்து, கொப்பளித்து, கண்ணாடியில் ஈயென்று காட்டி, ஒரு தலையசைப்போடு மறுபடி உள்ளே அனுப்பிவைப்பார். பிழைப்பே பல்லில் இருக்கிற மனிதர் வேறென்ன செய்வார்?

தானிய மண்டியில் அவருக்குப் 'பல்லுத் தரகர்' என்று பெயர். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழுந்த மணிகளில் ஒன்றை எடுத்து, கடைவாயில் வைத்து 'டக்'கென்று கடிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டே சரக்கு எவ்வளவு காய்ந்திருக்கிறது, கிடங்கில் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது சரியாக இருந்த நாட்களை மண்டி நினைவில் வைத்திருந்தது. தப்பாக இருந்த நாட்களை அவர் மறந்துவிட்டார். இப்படியாக இரு தரப்பும் சேர்ந்து ஒரு புகழை வளர்த்திருந்தார்கள்.

காலம்தான் கடிபடாமல் நழுவிக்கொண்டிருந்தது. ஆலைகளில் ஈரம் பார்க்கிற மெஷின் வந்துவிட்டது. ஒரு பிடி போட்டால் எண்ணைக் காட்டிவிடும். அதற்குக் கொப்பளிக்கவும் வேண்டாம். விளைவிக்கிறவர்கள் வயலில் நின்றபடியே போனில் விலை பார்த்து, நேராக ஆலையிலேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள். மண்டித் தெருவில் இருந்த தரகுக் கடைகளில் பாதி இப்போது அந்தப் போனுக்கு உறை விற்கின்றன. இதற்கு மேலும் ஒருவர் தரகரைத் தேடி வருகிறார் என்றால் அது சாட்சிப் பைக்காகத்தான்.

விலை பேசி முடிந்ததும், சரக்கிலிருந்து இரண்டு கை அள்ளி ஒரு துணிப் பையில் போடுவார்கள். விற்பவர் ஒரு முடிச்சு, வாங்குபவர் ஒரு முடிச்சு. பை தரகர் வீட்டு அலமாரியில் இருக்கும். அன்று பார்த்த சரக்கும் லாரியில் வந்து நிற்கிற சரக்கும் ஒன்றுதானா என்று தகராறு வந்தால், எல்லார் கண்ணெதிரிலும் அதைப் பிரிப்பார்கள். அதுவரை அதைத் தொட்டுப் பிரிக்க எவருக்கும் உரிமை இல்லை, தரகருக்கும்கூட. மெஷினுக்கு ஈரம் தெரியும். போன வாரம் யார் எதைக் காட்டி விலை பேசினார்கள் என்று தெரியாது. அந்தச் சிறு சந்தில்தான் தரகரின் குடும்பம் குடியிருந்தது.

சரக்கு ஒழுங்காக இறங்கிவிட்டால் பை சமையலறைக்கு வந்துவிடும். தரகரின் மனைவி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அரைத்துவைப்பாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டு மாவு இன்ன நிறம் என்று சொல்ல முடியாத நிறத்திலேயே இருந்தது. அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அன்று காலை, கீழ்வரிசை பாதி துலக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவள்தான் எடுத்தாள். கேட்டாள். முகம் வெளிறிப்போய்க் குழாயடிக்கு வந்தாள்.

"ஏங்க... மண்டியிலேர்ந்து. சோளக்காரர் லாரி வந்திருச்சாம். ஆலைக்காரர் இறக்க மாட்டேங்கறாராம். பார்த்த சரக்கு வேற, வந்த சரக்கு வேறன்னு சொல்றாராம். சாட்சிப் பையை எடுத்துக்கிட்டு உங்களை உடனே வரச் சொல்றாங்க..."

தரகர் நுரையைத் துப்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம். தன்னை உலகம் தேடுகிற நாட்கள் குறைந்துபோன மனிதருக்கு, ஒரு தகராறு என்பது அழைப்பிதழ் மாதிரி.

"பார்த்தியா! மெஷின் வச்சிருக்கான்ல? மெஷினைக் கேட்க வேண்டியதுதானே! கடைசில பல்லுத் தரகர் வீட்டுக்குத்தான் வரணும்!" என்று சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்தார்.

மேல்தட்டில் இல்லை. நடுத்தட்டில் இல்லை. கீழே குனிந்து, கைவிட்டுத் துழாவி, பழைய செருப்பு ஒன்றை எடுத்தார்.

"இவளே! அந்தச் சோளப் பை எங்க?"

பை எங்கே என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், காலியாக இருந்தது.

போன வாரம் ஒரு மத்தியானம் தரகர் சங்கத்தார் வீட்டுக்கு வந்திருந்தார்கள், அவரைத் தலைவராக்கலாமா என்று யோசிக்க. சங்கத்தில் மிச்சமிருந்தது ஏழு பேர். அதில் நான்கு பேருக்குத் தலைவராக விருப்பம். மரியாதைக்கு ஆலைக்காரரும் வந்து உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் யாரோ, "என்ன இருந்தாலும் மெஷின் மெஷின்தாங்க," என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். தரகர் எழுந்தார், அலமாரிக்குப் போனார், எந்தச் சரக்கின் பை என்று பார்க்காமல் கைக்கு வந்ததை எடுத்தார், பேச்சு வேகத்தில் முடிச்சைப் பல்லாலேயே கடித்து இழுத்தார்.

"ஆளுக்குக் கொஞ்சம் அள்ளுங்க! கடிங்க! சத்தத்தைக் கேளுங்க! இதை உங்க மெஷின் சொல்லுமா?"

வாசற்படியில் நின்று அவள் கண்ணாலும் கையாலும் சாடை காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இரு இரு, டீயை அப்புறம் கொண்டு வா," என்றார். பை காலியாகும்வரை எல்லாரும் கடித்தார்கள், தலையாட்டினார்கள், முற்றத்தில் துப்பினார்கள். சரக்கு இறங்கி முடிந்த பழைய பை என்றே சங்கத்தார் நினைத்தார்கள். அந்த வீட்டோடு இருந்த தரகரின் அக்காவும், "எங்கப்பா பல்லு எனக்கும்தான் வந்திருக்கு, குடு இப்படி," என்று ஒன்றை வாங்கிக் கடித்தாள். பிறகு ஏனோ பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் போனதும் மஞ்சளும் சிவப்புமாகச் சிதறிக் கிடந்த சோளத் துணுக்குகளை இவள்தான் கூட்டி அள்ளினாள்.

அன்று சாயந்திரமே, "ஏங்க, அந்தப் பை..." என்று ஆரம்பித்தாள்.

"பார்த்தியா, எப்படி அசந்து போயிட்டாங்க!" என்றார் அவர். இரண்டு வருஷமாகப் பார்க்காத சிரிப்பு அது. அதை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அலமாரியின் முன்னால் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கிக்கொண்டிருந்தது. தரகரே சாட்சிப் பையைப் பிரித்தார், அதுவும் வித்தை காட்டப் பிரித்தார் என்று மண்டிக்குத் தெரிந்தால் அத்தோடு கடையை மூட வேண்டியதுதான். வீட்டுக்காரி விவரம் தெரியாமல் அரைத்துவிட்டாள் என்றால்? நாலு பேர் சிரிப்பார்கள். சிரிப்போடு போகும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

"நான்தாங்க," என்றாள் அவள். "இறங்கின சரக்குன்னு நினைச்சு... மாவோட சேர்த்து அரைச்சுட்டேன்."

தரகருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தது என்பதைவிட, கோபப்பட ஒரு ஆள் கிடைத்தது என்பது இன்னும் சரி.

"அரைச்சுட்டியா! முடிச்சு போட்ட பையை அரைச்சுட்டியா! அது சோளம் இல்லடி... என் வாக்கு! என் வாக்கை எனக்கே திங்கக் குடுத்துட்டியே! என்னையே மென்னு முழுங்க வச்சுட்டியே!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

நாத்தனார் உள்ளிருந்து வந்தாள். ஒரு வாரமாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேதான் பேசுகிறாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம். தூசியால் சொற்களின் வேகம் குறையவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்டா தம்பி! இவ கையில எது கிடைச்சாலும் அது மாவாத்தான் போகும்னு! ஒரு வாரமா சமையலைப் பார்த்தியா? எல்லாத்தையும் குழையக் குழைய வேக வச்சு... பச்சைப் புள்ளைக்கு ஊட்டற மாதிரி! கவனம் எங்கயோ, கை எங்கயோ! இந்த வீட்டோட பேரையும் இப்ப குழைய வச்சுட்டாளே, பாவி!"

"அண்ணி, நான் வேணும்னு..."

"பேசாதே! மண்டியில போய் என் தம்பி எந்த மூஞ்சியைக் காட்டுவான்?"

"என் பேரைச் சொல்லட்டும் அண்ணி. நான் பண்ணேன்னே சொல்லட்டும்."

தரகர் சட்டையை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல், "நான் திரும்பி வர்றப்ப நீ என் கண்ணுல படாதே. கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்டுல போய் இரு," என்றார். கீழ்வரிசையைப் பாதி மட்டும் துலக்கிய வாயோடு அவர் வெளியே போனது அதுவே முதல் தடவை.

அவள் அழுதுகொண்டே அடுப்பை மூட்டினாள். கிளம்புவதற்கு முன் சமைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலேயே செய்துதான் பழக்கம். அவருக்கு ஒரு பாத்திரம். இன்னொரு சின்னப் பாத்திரத்தில் நாத்தனாருக்குத் தனியாக, கரண்டி பட்டாலே கரைகிற பதத்தில். மூடிவைத்துவிட்டு, இரண்டு சேலையையும் அந்தக் காலிப் பையையும் ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

பஸ் ஏற மண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். முகத்தைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக நடந்தாள். ஆனால் அந்த லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கவாட்டுப் படியில் சோளக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனவர். அடையாளம் தெரிந்து எழுந்துகொண்டார்.

"நீங்கதானாம்மா அரைச்சது?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"பரவாயில்லம்மா. வீட்டுல நடக்கறதுதான். எங்க வீட்டுல ஒருதடவை விதையையே வறுத்துட்டாங்க..." என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன, விலை இறங்கிப் போச்சு. பேசினப்போ இருந்த விலை இப்ப இல்ல. அதனாலதான் அவரு குறை தேடறாரு. அன்னைக்குப் பார்த்தது சுத்த மஞ்சள், இதுல சிவப்பு கலந்திருக்குங்கறாரு. சிவப்பு என் நிலத்துல எப்பவும் விழும்மா. அன்னைக்கும் இருந்துச்சு. பை இருந்தா பிரிச்சுக் காட்டியிருக்கலாம்... பாதி விலைக்குக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான். லாரியைத் திருப்பக்கூட எனக்கு வழியில்ல."

அவர் திட்டியிருந்தால் அவள் பஸ் ஏறியிருப்பாள். திட்டவில்லை. புருஷன் பெயரைக் காப்பாற்றத் தான் சொன்ன ஒரு பொய், நேராகப் போய் இந்த மனிதரின் விளைச்சல் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னுடையதைத் தூக்கிக் கொடுக்கலாம். அடுத்தவருடையதை எடுத்துக் கொடுக்க இவள் யார்?

கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மண்டிக்குள் நுழைந்தாள்.

உள்ளே தரகர் பேசிக்கொண்டிருந்தார். "...பொம்பளைங்க விஷயம் உங்களுக்குத் தெரியாததா? முடிச்சுன்னா என்ன, மூட்டைன்னா என்ன, அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்..." சங்கத்தார் உச்சுக்கொட்டினார்கள். தலைவராக விரும்பிய மற்ற மூவரின் உச்சில் மட்டும் லேசான சந்தோஷம் கேட்டது. ஆலைக்காரர் நாற்காலியில் சாய்ந்து, மிகவும் வருத்தப்படுகிறவர்போல வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் அரைக்கலை. நான் பொய் சொன்னேன். அந்தப் பையில சிவப்பு மணி இருந்துச்சு. நான் பார்த்தேன். என் கையாலதான் கூட்டி அள்ளினேன்."

"காலையில அரைச்சேன்னீங்க, இப்ப அள்ளினேங்கறீங்க," என்றார் ஆலைக்காரர், குரலில் தேன் வழிய. "சாயந்திரம் என்னம்மா சொல்வீங்க?"

சிரிப்பு எழுந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று ஞாபகம் வந்துகொண்டிருந்தது... வந்தே விட்டது. அவர் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. இவ்வளவு நாள் சுமந்தது இதற்குத்தானா...

"தள்ளுங்கய்யா! வழி விடுங்க!"

வாசலில் நாத்தனார். லாரியடியில் சோளக்காரரிடம் விஷயத்தைக் கேட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூச்சிரைக்க, தலை கலைந்து, ஒரு கையில் துணி முடிச்சு. மறு கையில் முந்தானை இல்லை. வாய் திறந்தே இருந்தது. முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் பாதியைக் காணோம்.

"அக்கா! பல்லு..." என்று பதறினார் தரகர்.

"ஆமாடா, பல்லுதான்! நம்ம குடும்பத்து இரும்புப் பல்லு! நீ வித்தை காட்டின அன்னைக்கு நானும் ஒண்ணு வாங்கிக் கடிச்சேன்ல? மணி உடையலை, பல்லு உடைஞ்சுது! வெளிய சொன்னா மானம் போகும்னு ஒரு துணியில முடிஞ்சு வச்சேன்!" முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். பாதிப் பல் ஒன்று. பக்கத்தில் ஒரு சோள மணி. நல்ல சிவப்பு.

மண்டி எட்டிப் பார்த்தது.

"ஒரு மணிதானே," என்றார் ஆலைக்காரர். "இதை எங்க வேணும்னாலும் பொறுக்கலாமே..."

"மணியைப் பொறுக்கலாம்யா! பல்லைப் பொறுக்க முடியுமா?" நாத்தனார் அவர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நீங்களும்தானே உக்காந்திருந்தீங்க! சிவப்பா தேடித் தேடி எடுத்துத் தின்னுட்டு, 'இதுக்குத் தனி இனிப்பு இருக்குய்யா'ன்னு சொன்னது யாரு? நீங்க போட்ட முடிச்சை உங்க கண்ணு முன்னாடி இவன் கடிச்சு அவுத்தானே, அப்ப வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா? விலை இறங்கினதும் சுத்த மஞ்சள் ஆயிருச்சா?"

"ஆமாய்யா, சொன்னாரு!" என்றார் சங்கத்தில் ஒருவர். "எனக்குக்கூட ரெண்டு சிவப்பு எடுத்துக் குடுத்தாரு!" என்றார் இன்னொருவர்.

ஆலைக்காரரின் கை வயிற்றின்மேல் அப்படியே நின்றது.

சோளக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ... பையைப் பிரிச்சது?"

தரகர் நிமிர்ந்தார். எழுந்தும் நின்றார். எதையும் அவர் ஒரு சின்னச் சொற்பொழிவாகவே சொல்லிப் பழகியவர். அன்று மட்டும் முன்னுரை வரவில்லை.

"நான்தான். இந்தப் பல்லாலதான். இவ அப்பவே தடுத்தா, நான் டீன்னு நினைச்சேன்." மனைவியைப் பார்த்தார். "காலையில இவ பழியை ஏத்துக்கிட்டப்போ எனக்குச் சந்தேகம் வந்துச்சுய்யா... வந்தும் வாயை மூடிக்கிட்டேன். எனக்குத் தரகர்னு சொல்லிக்க யோக்கியதை இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஆலைக்காரர்தான் முதலில் அசைந்தார். "அட, வேடிக்கைக்குச் சொன்னா உடனே... இறக்குங்கப்பா, இறக்குங்க. பேசின விலைதான்," என்று சொல்லிக்கொண்டே, அவசரமாக யாரையோ போனில் கூப்பிடுகிறவர்போல எழுந்து வெளியே போனார். போன் காதில் தலைகீழாக இருந்தது.

நாத்தனார் அதைப் பார்க்கவில்லை. தம்பி மனைவியின் முன்னால் வந்து நின்றாள்.

"நீ போனப்புறம் பாத்திரத்தைத் திறந்தேன்டி... எனக்குன்னு தனியா, குழைய வச்சிட்டுப் போயிருக்கே... உனக்கு அப்ப தெரியும்! என் பல்லு போனது உனக்கு அன்னைக்கே தெரியும்! தெரிஞ்சுதான் ஒரு வாரமா... சோத்தைக் குழைய வைக்கறியேன்னு நான் உன்னைத் திட்டறேன், நீ வாயைத் திறக்காம மறுபடி குழைய வைக்கறே... பாவின்னு திட்டினவளுக்குச் சோறு குழைய வச்சிட்டுப் போற மனசு எங்கடி கிடைச்சுது உனக்கு!"

"ஒரு பக்கமாவே மென்னீங்க அண்ணி... வலிக்குமேன்னு..."

நாத்தனார் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மூட்டைகளுக்கு நடுவில், தராசுக்குப் பக்கத்தில், இருபது ஆண்கள் வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் விம்மி விம்மி அழுதார்கள். சுமை இறக்குகிறவர்கள்கூடச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தரகர் பக்கத்தில் வந்து, அவள் கையிலிருந்த துணிக் கட்டை வாங்கிக்கொண்டார். "வீட்டுக்குப் போலாம்," என்றார். பிறகு, அது உத்தரவு மாதிரி ஒலித்ததோ என்று சந்தேகப்பட்டு, "வர்றியா?" என்று சேர்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல அண்ணியைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அப்புறம் வர்றேன்."

சோளக்காரர் கிளம்பும்போது தரகரிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "அடுத்த விளைச்சலும் இங்கதான் கொண்டு வருவேன். ஆனா உங்களை நம்பிப் பை குடுக்க மாட்டேன், தப்பா நினைக்காதீங்க. அந்த அம்மா பொறுப்புல வச்சுக்கறதா இருந்தா குடுக்கறேன்." அதைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னும் இரண்டு பேர், தாங்களும் அப்படியே என்றார்கள்.

சங்கத் தலைவர் பதவி, மெஷின் வாங்கிவைத்திருந்த ஒரு தரகருக்குப் போயிற்று. அவர் அதை இன்னும் பிரிக்கவில்லை. வந்த அட்டைப்பெட்டியோடு மேஜைமேல் வைத்திருக்கிறார். பல்லுத் தரகர் பதவி கிடைக்காததற்கு இரண்டு நாள் வருத்தப்பட்டார். மூன்றாம் நாள் கடையில் கூட்டம் இருந்ததால் வருத்தப்பட நேரமில்லை.

இப்போதும் காலையில் அவர் பல் துலக்குகிறார். ஆனால் நடுவில் யாராவது கூப்பிட்டால், வாய் நிறைய நுரையோடு, ஒருவருக்கும் புரியாத பாஷையில் பதில் சொல்கிறார். மனைவிக்கு மட்டும் அது புரிகிறது.

புதிய பை வரும்போதெல்லாம் விற்பவர் ஒரு முடிச்சு, வாங்குபவர் ஒரு முடிச்சு. பிறகு தரகர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வருவார். மூன்றாவது முடிச்சை அவள் போடுவாள், சின்னதாக, இறுக்கமாக. முதல் தடவை போட்டபோது நாத்தனார், "உறுதியா இருக்கான்னு பார்ப்போம், குடு," என்று வாங்கினாள். வாயருகே கொண்டுபோனாள். புதிதாகக் கட்டிய பல்லில் நாக்கு பட்டதோ என்னவோ, சற்று யோசித்தாள். பிறகு கையாலேயே ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, "ம், இருக்கட்டும்," என்று அலமாரியில் வைத்தாள்.